இருக்கைக்கு அடியில் இருந்த பொருள்

எதிரியான அமெரிக்காவின் குண்டுவீச்சு விமானம் ஒன்று வழிதவறி வந்து ரஷ்யர் கையில் சிக்கியது. மயிரிழையும் பிசகாமல் அதைப் போலவே இருபது செய்யும்படி, மாஸ்கோவுக்கு வெளியே இருந்த ஆலைக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. மயிரிழை என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு வேறு.

விமானி இருக்கையின் அடியைத் துழாவிய பொறியாளர் ரயீசா பாவ்லவ்னாவின் விரலில் ஏதோ ஒட்டியது. சுண்டைக்காய் அளவில் சாம்பல் நிற உருண்டை. மேலே ஐந்து பல் தடம், நடுவில் ஒரு பல் போன இடைவெளி.

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சூயிங்கம். போர் முடிந்த வாரம், இரு நாட்டுப் படையும் சந்தித்த எல்பா நதிக்கரையில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் கொடுத்து அவளும் மென்றிருக்கிறாள். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். அந்நியனிடம் கைநீட்டி வாங்கித் தின்றவளுக்கு அடுத்த வேலை சைபீரியாவில்தான்.

ஆலை இயக்குநர் த்ரோஃபிம் லூகிச் குனிந்து பார்த்தார். "இது என்ன, ரயீசா பாவ்லவ்னா?"

"தெரியலையே, தோழர். சுரண்டி எறிஞ்சிடட்டுமா?"

"எறியறதா! விமானம் பறக்கறதே இதாலதான்னா? போறது என் தலைதானே!"

பதினோரு பேர் கையொப்பமிட்ட ஆய்வறிக்கை வந்தது: "இது அதிர்வு தாங்கும் பசை. இதில் சர்க்கரையும் புதினா வாசமும் இருப்பதன் இராணுவக் காரணம் பரிசீலனையில் உள்ளது. தடங்கள் ஐந்தும், நடுவிலுள்ள ஓட்டைப் பல் இடைவெளியும் அவ்வண்ணமே அமையக்கடவன."

அதே தடம் பதிக்கும் பல்லைத் தேடி, ஆலையில் அறுநூறு பேர் வாயைத் திறந்து காட்டினார்கள். அந்த இடைவெளி ஒரே வாயில்தான் இருந்தது, இயக்குநர் வாயில். தேசத்துக்காக அவர் இருபது உருண்டை கடித்தார்.

"ருசி எப்படி, தோழர்?" என்று ரயீசா கேட்டாள்.

"இராணுவ ரகசியம்!"

விமானம் பறந்தது. இருவருக்கும் பதக்கம். ரயீசாவுக்குப் பசைப் பிரிவின் தலைமை, கீழே நாற்பது பேர், வெந்நீர் வரும் வீடு.

நாலு வருஷம் கழித்து, உளவாளி ஒருவன் உயிரைப் பணயம் வைத்து எடுத்த படம் வந்தது. அமெரிக்காவின் புத்தம்புது விமானம். இருக்கைக்கு அடியில் அதே உருண்டை, அதே ஐந்து தடம், அதே ஓட்டைப் பல். கூடவே அவர்கள் அலுவலகக் கடிதத்தின் நகல்: "ரஷ்யர்கள் எல்லா விமானத்திலும் இதை வைக்கிறார்கள். காரணம் தெரியவில்லை. நாம் பின்தங்கிவிடக் கூடாது."

லூகிச் மேசையைத் தட்டினார். "காரணம் தெரியலையாம்! யார்கிட்ட காது குத்தறானுங்க? நீங்க அன்னிக்கு சுரண்டி எறியலாம்னீங்களே!"

உண்மை ரயீசாவின் நாக்கு நுனிவரை வந்தது. சைபீரியா நினைவுக்கு வந்தது. அதற்கு முன்பே வெந்நீர் நினைவுக்கு வந்துவிட்டது.

"அவங்க ஒண்ணு வெச்சா, நாம ரெண்டு வெக்கணும், தோழர்," என்றாள்.

லூகிச் கண்கலங்கி, கடிக்க வாயைத் திறந்தார்.