கடைசி அரசனும் பின்னறைச் சுவரும்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. கிடைத்த அன்றே அவர் மனசுக்குள் ஒரு சபதம் எடுத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பாதியில் விட்ட கம்ப்யூட்டர் விளையாட்டை இந்தப் பத்து நாளில் முடித்தே தீருவது.

அது அந்தக் காலத்து விண்டோஸ் விளையாட்டு. வீரன் ஒருவன் ஊர் ஊராகப் போய், பூதங்களை வெட்டி, வாளும் கவசமும் சேர்த்துக்கொண்டு, கடைசியில் கொடுங்கோல் அரசன் ஒருவனை வீழ்த்த வேண்டும். நம்மவருடைய வீரன் அரசனின் சிம்மாசனம் வரைக்கும் போய்விட்டான். பதினேழு தடவை செத்தும் விட்டான். பதினெட்டாவது தடவைக்குள் அவருடைய கல்யாண முகூர்த்தம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு வாள் எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

அதே பத்து நாளை வைத்து அவர் மனைவியும் ஒரு முடிவு எடுத்திருந்தாள். அவளுடைய அக்கா குடும்பம் லீவின் கடைசி நாளில் வருகிறது. அதற்குள் பின்னறைக்குப் பெயின்ட் அடித்தாக வேண்டும். டப்பாக்கள் வாங்கி வந்தாயிற்று. பிரஷ்கூட இரண்டு அளவில் வாங்கியிருந்தாள். முடிவு இரண்டு, ஆள் ஒருவர்.

முதல் சங்கடம் லினக்ஸ். வீட்டுக் கம்ப்யூட்டர் நடக்கவே முடியாமல் கிடந்தபோது, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சகலை வந்து விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் விண்டோஸ் விளையாட்டு ஓடாது. ஓடவைக்க ஒரு புரோகிராம் இருக்கிறது, பெயர் வைன் என்று மெக்கானிக் படித்தார். படித்துவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று வாசல் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் நாள் முழுக்கத் திரை கறுப்பாகவே இருந்தது. சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, பெயின்ட் டப்பா ஏன் திறக்கவில்லை என்று கேட்டாள். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது, அதைச் சரி பண்ணாமல் மற்ற வேலை ஓடவில்லை என்றார். சொன்னதோடு விட்டிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. வேலைப் பையிலிருந்து 'பழுது பார்க்கப்படுகிறது, உபயோகிக்க வேண்டாம்' என்ற பலகையை எடுத்து மானிட்டரில் மாட்டிவிட்டார். அவர் அனுபவத்தில் அந்தப் பலகையைப் பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டுப் படியேறிப் போவார்களே தவிர, எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

மனைவி கேட்டாள். அவள் வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக போனில் குறை கேட்கும் வேலையில் இருக்கிறாள். தப்பைத் தாங்களே செய்துவிட்டு மெஷின் மேல் பழி போடுகிறவர்கள் தினமும் நாற்பது பேர் அவளிடம் பேசுகிறார்கள்.

"கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

"காலையில."

"அதுக்கப்புறம் யாரு தொட்டா?"

அவர் இருமினார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மெதுவாகவே பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவு சுலபமாக அவள் எதையும் விட்டதில்லை என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் விளையாட்டு வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் எழுத்து சரியாயிற்று, வேகம் கெட்டது. அந்தக் காலத்து விளையாட்டுக்கு இந்தக் கம்ப்யூட்டரின் வேகமே தாங்காமல், வீரன் ஒரு அடி எடுத்து வைத்தால் அடுத்த ஊர் மதில் சுவரில் போய் முட்டினான். இணையத்தில் முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்த நாலு வரியைச் சேர்த்ததும் அவன் மனுஷ நடைக்கு வந்தான். நான்காம் நாள் சத்தமும் வந்துவிட்டது. வாளோடு வாள் மோதும் சத்தம். மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சேமித்து வைத்த ஆட்டத்தைப் பழைய பென்டிரைவ் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டார். எடுத்த கையோடு பென்டிரைவ் உயிரை விட்டது. இனி அந்த வீரன் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

அதன்பிறகு பகலெல்லாம் ஆட்டம்தான். மனைவி வரும் நேரத்துக்கு விளையாட்டை மறைத்துவிட்டு, எழுத்துகள் ஓடும் கறுப்புத் திரையைத் திறந்து வைத்து நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். அவள் பரிதாபப்பட்டு டீ போட்டுக் கொடுப்பாள். பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்யாணமாகி இவ்வளவு நிம்மதியாக அவர் இருந்ததே கிடையாது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வீரன் மறுபடியும் சிம்மாசனத்துக்கு முன்னால் நின்றான். இன்னும் மூன்று தடவை செத்து, மொத்தக் கணக்கு இருபதாகியிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து இருபத்தோராவது தடவை முடித்துவிடலாம் என்று எழுந்தபோது, வாசல் பக்கம் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். சரிங்க மாமா, சீக்கிரம் வாங்க மாமா என்றது காதில் விழுந்தது.

"உங்க சகலை கிளம்பிட்டாராம்," என்றாள். "நீங்க ஒரு வாரமா கஷ்டப்படுறதைப் பார்க்க முடியலைங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுக் குடுத்துடறாராம்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

அவர் மானிட்டருக்குக் குறுக்கே போய் நின்றார்.

"வர வேண்டாம்னு சொல்லிடு. சரியாயிடுச்சு."

"எப்போ?"

"இப்பதான். இந்த நிமிஷம்தான்."

"அப்பாடா," என்று போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். மாமாவை அவள் திரும்பக் கூப்பிடவில்லை. அது ஏன் என்று அவர் யோசிப்பதற்குள் பெரிய பிரஷ் கைக்கு வந்துவிட்டது. "மாடி வீட்டம்மா பயந்தே போயிட்டாங்க. நாலு நாளா பகல்ல உங்க வீட்டுல யாரையோ வெட்டுற சத்தம் கேட்குதேன்னாங்க. பழுது பார்க்கிறார்னு சொல்லி வச்சேன்."

மெக்கானிக் பலகையைத் தானே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் பின்னறைக்கு நடந்தார். போனது மானம்தான், வீரன் பத்திரமாக இருக்கிறான். இன்றைக்கு ஒரு கோட், நாளைக்குக் காலையில் அரசன். அந்தத் தெம்பில் மூன்று சுவரை முடித்துவிட்டார்.

நாலாவது சுவரில் பிரஷ் வைத்தபோது கூடத்திலிருந்து ஒரு இசை கேட்டது. முரசும் எக்காளமுமாக, அவர் இதுவரை கேட்டே இராத இசை. பிரஷோடு ஓடினார். மனைவி அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் ஊரே திரண்டு வீரன்மேல் பூத்தூவிக்கொண்டிருந்தது. சிம்மாசனம் காலியாக இருந்தது.

"அவனை அடிச்சிட்டியா?" என்றார்.

"நான் எதுக்கு அடிக்கணும்? கீழ 'பேசு'ன்னு ஒண்ணு இருந்துச்சு, அதைத் தட்டினேன். அவனுக்கும் ஆயிரம் குறை இருக்குங்க. எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, கிரீடத்தைக் கழட்டி வச்சுட்டுப் போயிட்டான்."

அவள் எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"மொத கோட் காய ரெண்டு மணி நேரம் ஆகும்னு டப்பாவுல போட்டிருக்கு. அதுவரைக்கும் நீங்க தாராளமா விளையாடுங்க."