மிதந்த கட்டி

உடம்பில் எங்கே எது வீங்கினாலும் டாக்டருக்கு முன்னால் தானே பேர் வைத்துவிடும் ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் இருக்கும். கடலூரில் ஒரு பங்குக் கோயிலுக்கு வாய்த்தவர் லூயிஸ். செம்மங்குப்பத்துக் கெமிக்கல் கம்பெனியில் வேலை; ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்தியம். செல்போன் டார்ச்சை அடித்து "ஆ காட்டுங்க" என்பார். இருமினால் காசநோய், தலை சுற்றினால் மூளையில் கட்டி, கொட்டாவி விட்டால் இதயத்தில் அடைப்பு என்று பாயசம் பரிமாறுகிற முகத்தோடு சொல்லிவிட்டு, "பயப்படாதீங்க, எங்க சித்தப்பாவும் இதுலதான் போனாரு" என்று தேற்றுவார். தேறுவார்களா?

கூத்தைக் கேளுங்கள், அந்த லூயிசின் இடக்கன்னத்துக்குள்ளேயே ஒரு கட்டி! வலி இல்லை; மெத்தென்று கோலிக்குண்டளவு. பைக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். புற்றுநோய். இரண்டே மாசம். மகள் பெலிசியாவின் பள்ளிக்கூடப் பையைப் பார்த்தாலே அழுகை வந்தது. ஆனாலும் கடமை முக்கியமில்லையா? சொந்தக்காரர்களிடம் விட்டால் கண்ணீர் அஞ்சலி பேனரில் ஆதார் போட்டோவைப் போட்டுவிடுவார்களே! ப்ளெக்ஸ் கடை ஸ்ரீதரிடம் போய், கோட்டு போட்ட கல்யாணப் போட்டோவைக் கொடுத்து, எழுத்துப்பிழையும் திருத்திவிட்டு வந்தார்.

மனைவி கிரேசிதான் சிதம்பரத்துப் பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் இளவரசி கட்டியை வெட்டியெடுத்து மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டார். முங்கவில்லை. மிதந்தது!

"பாருங்க சார், மெதக்குது. வெறும் கொழுப்புக் கட்டி. லேப்ல உறுதி பண்ணிடலாம், பயமே வேணாம். வாயில வர்றது ரொம்ப அபூர்வம்."

கிரேசி அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஸ்ரீதரின் போன், அதுவும் ஸ்பீக்கரில்: "அண்ணே, பேனர் ரெடி. எறந்த தேதி மட்டும் பாக்கி. என்னிக்குன்னு போட?"

மரத்துப்போன வாயோடு லூயிஸ் கத்தினார்: "பொறந்தநாளுன்னு மாத்திடுப்பா!"

லேப் ரிப்போர்ட்டும் கொழுப்புக் கட்டி என்றே வந்தது. திருந்தியிருப்பார் என்கிறீர்களா? அடுத்த ஞாயிறே கோயில் வாசலில், பூசைக்கு வந்த ஆரோக்கிய ராணியின் கன்னம் உப்பியிருக்கக் கண்டு டார்ச்சை எடுத்துவிட்டார். "கொழுப்புக் கட்டிதான். அபூர்வம்! எடுத்துப் போட்டா மெதக்கும்."

"அட போங்கண்ணே, கடலை மிட்டாய்!" என்று மென்று காட்டினாள்.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். 'கோலிக்குண்டளவு' என்று படித்த நிமிஷத்திலிருந்து உங்கள் நாக்கு இடக்கன்னத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறதே, யாருக்கும் தெரியாதென்றா நினைத்தீர்கள்?