ஸ்தோத்திரம் அண்ணன் சொன்ன சாட்சி

மதுரையிலேயே மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கும் ஒரே மனிதர் எங்கள் ஸ்தோத்திரம் அண்ணன்தான். கே.கே. நகரில் நான் ரிப்போர்ட் டைப் அடித்த லேபில் அவர் டெக்னீஷியன். ஸ்லைடுக்கு ஒரு ஜெபம். அவர் கண்ணைத் திறப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

எந்த ரிசல்ட் வந்தாலும் முதல் வார்த்தை 'ஸ்தோத்திரம்'. அதாவது, ஆண்டவருக்கு நன்றி. இதை நம்பி ஒருவர் ஜிலேபி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்து, தானும் இரண்டு தின்றார். அதன் பிறகுதான் சுகர் நானூறு என்று படித்துக் காட்டினேன்.

உலகம் உண்டாக ஆறு நாளா, கோடி வருஷமா என்று லேப் டாக்டர் அவரைச் சீண்டுவார்.

"ஆண்டவரோட ஒரு நாளு எம்புட்டு நீளம்னு யாரு சார் அளந்தா?" என்றபடி அண்ணன் லென்ஸைத் துடைப்பார்.

இந்தச் சாமர்த்தியம் வீட்டில் செல்லவில்லை. அவர் மனைவி மேரி அக்காவுக்கு டி.பி. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதம் இருமல் நின்றதுமே, ஜெபத்தில் சுகமாகிவிட்டதென்று அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"ஆறு நாள்ல உலகத்தையே உண்டாக்குனவருக்கு ஒரு கிருமியக் கொல்ல ஆறு மாசமா வேணும்?" என்று கேட்டாராம்.

சில மாதங்களில் இருமல் திரும்பியது. நோய் திரும்பியதென்று அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் எப்படியோ கெஞ்சி, சளியை வாங்கி லேபுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு ஜெபம் மிக நீளம். கண்ணைத் திறந்து பார்த்தால், ஸ்லைடு முழுக்கச் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி.

அந்த ஞாயிறு சபைக்கு என்னையும் கூட்டிப்போனார். ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை எல்லோர் முன்னும் சொல்லும் சாட்சி நேரத்தில் அக்கா எழுந்து, தான் சுகமானதைச் சொன்னார். நீங்கள் லேபில் இருப்பவர், நீங்களும் சொல்லுங்கள் என்று பாஸ்டர் மைக்கை அண்ணனிடம் நீட்டினார்.

"ஸ்தோத்திரம்," என்றார். சபை கைதட்டியது. "ஸ்லைடுல கிருமி இருக்கு. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு இதே வேதத்துலதான் போட்டிருக்கு."

தட்டிய கைகள் அப்படியே நின்றன.

அக்கா மறுநாளே மாத்திரைக்குத் திரும்பினார். அண்ணனோடு பேசுவதைத்தான் நிறுத்திவிட்டார். நடுவில் நிறுத்தியதால் மருந்து இனி வேலை செய்யவில்லை. அக்கா கல்லறைத் தோட்டம் போகும்வரை அந்தப் பேச்சு திரும்பவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரமே அண்ணன் ஸ்லைடுக்கு முன்னால் கண்ணை மூடினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னுமா என்று கேட்டேவிட்டேன்.

"கிருமி இருக்கக் கூடாதுன்னு கேக்கல தம்பி. இருந்தா, இல்லன்னு சொல்லிறக் கூடாதுன்னு கேக்குறேன்."

எனக்குச் சாமி வேறு. இப்போது சிம்மக்கல்லில் என் வீட்டருகிலேயே இரண்டு லேப் இருக்கின்றன. ஆனாலும் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க பஸ் ஏறி அவரிடம்தான் போகிறேன். அவர் கண்ணை மூடும்போது நானும் மூடிக்கொள்கிறேன்.