அக்காவின் அரை முகம்

வீட்டில் ஒருவனுக்குக் 'கொம்பியூட்டர் தெரிஞ்சவன்' என்று பெயர் வந்துவிட்டால், அதன்பிறகு அவன் நிம்மதியாக வாழ ஏலாது. எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது. (தெரியும் என்று ஊரெல்லாம் சொன்னது அம்மா. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.)

மோடத்தை போன் லைனில் கொளுவி, அது கீச்சிட்டுக் கத்தி முடித்தபிறகுதான் இன்டர்நெட் வருகிற காலம். லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக்கு ஒரேயொரு லைன். அக்காவுக்கு ரொறன்ரோவில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். அந்தப் பெடியனோடு கதைத்துவிட்டு வைத்த போனைப் பார்த்து அக்கா தனியாகச் சிரித்ததை நான் கண்டிருக்கிறேன். பெடியனின் தாய், ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக இருந்து முடிவெடுக்கப்போகிறோம், வேறொரு இடத்துப் படமும் வந்திருக்கு, உங்கட படம் எங்கே என்று கேட்டா. தபாலில் போட நேரமில்லை. அம்மா என்னைப் பார்த்தா.

அக்கா வடிவாகத் தெரியவேண்டும் என்று ஸ்கானரில் இருந்த ஆகக்கூடிய தரத்தில் படத்தை ஸ்கான் செய்தேன். அந்தப் பெரிய கோப்பை என் இலவச வெப்சைட்டில் ஏற்றினால் பாதியில் அறுந்துவிடும். திரும்ப முதலில் இருந்து. வயரை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், மோடத்துக்கு ஃபான் பிடித்தேன், மழையைக்கூடத் திட்டினேன். அறுந்த கையோடு ஒவ்வொரு தரமும் போன் அடிக்கும். பெடியனின் தாய், அந்த ரொறன்ரோ அன்ரிதான், படம் ஏற்றியாச்சோ என்று கேட்பா. அம்மா, இப்ப வந்திடும் என்று சொல்லி வைப்பா.

எங்கள் லைனில் 'கோல் வெயிட்டிங்' இருந்தது. நடுவில் வெளியிலிருந்து ஆராவது கோல் எடுத்தால் ஒரு பீப் கேட்கும், மோடம் அதோடு செத்துப்போகும். படம் வந்ததோ என்று கேட்டுக் கேட்டே படத்தை வரவிடாமல் செய்தது அந்த அன்ரிதான். இது என் மண்டைக்கு எட்டியபோது போன் மறுபடி அடித்தது. இந்தமுறை நான் எடுத்தேன்.

அறுந்த கோப்பும் அறுந்த அளவுக்குத் திறக்கும் என்று எனக்குத் தெரியாது. முதலே குடுத்திருந்த வெப்சைட் முகவரியில் அன்ரி அதைத் திறந்து பார்த்துவிட்டா. நெற்றி, பொட்டு, கண், மூக்கு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. பிள்ளையின்ர வாயை ஏன் மறைச்சிருக்கிறியள்?"

லைன் பிழை என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். (சொன்னேனா?)

"ஐயோ அன்ரி, ஒண்டும் மறைக்கேல்லை. அக்காவுக்கு நல்ல வாய் இருக்கு."

நல்ல வாய் உள்ள மருமகளை எந்த மாமி தேடி எடுப்பா? "அப்பிடியோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

பிறகு கோல் வெயிட்டிங்கை நிற்பாட்டி, படத்தைச் சின்னதாக்கி ஏற்றினேன். முதல் தரத்திலேயே போனது. ஆர் பார்க்க? ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா போனுக்குப் பக்கத்தில் நின்று உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்தா. அயன் பண்ணினதையே எடுத்து மறுபடியும் அயன் பண்ணினா. போன் அடிக்கவேயில்லை. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அக்கா பிறகு கலியாணம் கட்டி, இப்போது விம்பிள்டனில் நல்லாகத்தான் இருக்கிறா. அத்தானுக்குக் கதை முழுக்கத் தெரியும். நான் குடும்பப் படம் எடுக்கக் கமராவைத் தூக்கினால் போதும், "மூக்கோட நிப்பாட்டு மச்சான்" என்பார். பிள்ளைகள் உட்பட எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பா, கையால் வாயைப் பொத்திக்கொண்டு. இத்தனை வருசத்தில் நான் எடுத்த படங்களில் அவவின் வாய் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை.