நான் கரண்டை அணைத்த கதை

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவன் வழக்கமாக இரண்டு பொய் சொல்வான். முதலாளியிடம், "எல்லா வேலையும் தெரியும்." வீட்டுக்கு எழுதும்போது, "சாப்பாட்டுக்கு ஒரு குறையுமில்லை." நான் மூன்றாவதாக ஒன்றும் சொன்னேன்: "பர்மா பாஷை கொஞ்சம் வருமுங்க."

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. திருப்பூரில் தையல் மிஷின் மெக்கானிக்காக இருந்தேன். யாங்கோனில் சட்டைக் கம்பெனி வைத்திருந்த காசிம் காக்கா பழைய மிஷின்கள் வாங்க எங்கள் ஊருக்கு வந்தார். வந்தவர் மிஷின்களோடு என்னையும் சேர்த்துக் கொண்டுபோவதென்று முடிவு செய்தார். (இரண்டுமே செகண்ட் ஹேண்ட்தான்.) "பாஷை தெரியுமா தம்பி?" என்று அவர் கேட்டபோது, இல்லையென்றால் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் அந்தக் 'கொஞ்சம்' வாயில் வந்துவிட்டது. உண்மையில் எனக்குத் தெரிந்த பர்மா பாஷை, பர்மா என்ற வார்த்தை மட்டும்தான்.

யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையோரம் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மா டோ மியா என்மேல் இரக்கப்பட்டுப் பாடம் நடத்தினார். குடத்தைக் காட்டி, "யே." எரிகிற அடுப்பைக் காட்டி, "மீ." கையை அசைத்துக் கூப்பிட்டு, "லா." ஆக, யே தண்ணீர், மீ நெருப்பு, லா என்றால் வா. ஒரு வாரத்தில் பதினான்கு வார்த்தைகள் சேர்ந்தன. அவற்றைச் சிகரெட் அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பண்டிதர் நடையில் முதல் நாள் வேலைக்குப் போனேன்.

போட்டாதாங்கில் ஆற்றை ஒட்டிய பழைய கிட்டங்கி ஒன்றுதான் கம்பெனி. நூறு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு மா செல்வி என்று ஒரு தமிழ்ப் பெண்; பிறந்தது வளர்ந்தது எல்லாம் யாங்கோன். நான் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கரண்டு போய்விட்டது. பெண்கள் பதறவே இல்லை. பழக்கப்பட்டவர்களாகச் சூரியகாந்தி விதையைக் கொறிக்க ஆரம்பித்தார்கள்.

பதறியவர் காசிம் காக்கா. "இன்னைக்கு அந்திக்குள்ள சரக்கு கப்பல்ல ஏறணும் தம்பி. வெள்ளைச் சட்டை, ஜப்பான்காரன் ஆர்டரு. ஜெனரேட்டர் பத்து நாளாப் படுத்துக் கிடக்கு. நீ எழுப்பிடுவேல்ல?"

"எழுப்பிடலாமுங்க" என்றேன்.

கொல்லைப்புறத்தில் அந்தக் கிழட்டு ஜெனரேட்டரோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஒருவழியாக அது இருமியது. குபுக்கென்று கரும்புகையைக் கக்கியது. சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து நூறு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"மீ லா ப்யீ!"

என் மூளை பதினான்கு வார்த்தைகளையும் ஒரே நொடியில் புரட்டியது. மீ, நெருப்பு. லா, வா. நெருப்பு வந்துவிட்டது! (முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் புரிந்துவிட்ட பெருமிதம், அந்தப் பயத்திலும் ஓர் ஓரமாக எட்டிப் பார்த்ததை மறைக்க மாட்டேன்.)

சுவரில் மாட்டியிருந்த சிவப்பு வாளிகள் இரண்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஒன்றில் ஆற்றுத் தண்ணீர், மற்றதில் மணல். உள்ளே பெண்கள் குதிக்கிறார்கள், கை தட்டுகிறார்கள். உயிர்ப்பயத்தில் துடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். கோடியில் இஸ்திரி மேசையிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது.

"தீ! தீ! எல்லாரும் ஓடுங்க!" என்று அலறியபடி முதல் வாளியை வீசினேன். யாங்கோன் ஆற்றுத் தண்ணீர் எந்த நிறம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பால் கம்மியாகப் போட்ட டீ. அடுக்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டைகள் அத்தனையும் குடித்தன. விடுவேனா, மணலையும் கொட்டினேன். 'டப்' என்று ஒரு சத்தம். பியூஸ் போனது. விளக்குகள் அணைந்தன. மூன்று மணி நேரம் காத்திருந்து வந்த கரண்டு மூன்று நிமிடம்கூடத் தங்கவில்லை.

மா செல்வி என் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினாள். "அண்ணே! என்னாண்ணே பண்றீங்க?" (இந்த 'அண்ணே'யை அவள் பின்னாளில் வாபஸ் வாங்கிக்கொண்டாள்.)

"தீ வந்துருச்சுன்னு நீங்கதானே கத்துனீங்க?"

"கரண்டு வந்துருச்சுன்னு கத்துனோம்! இந்த ஊர்ல நெருப்பும் மீதான், கரண்டும் மீதான்!"

"அப்ப அந்தப் புகை?"

"இஸ்திரிப் பெட்டி ஆவி!"

சட்டைக் குவியலுக்குப் பின்னாலிருந்து காசிம் காக்கா மெல்ல எழுந்தார். தாடியிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் சொட்டியது, தோளில் மணல். அவர் கோபப்படவில்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

"தம்பி, பாஷை கொஞ்சம் வரும்னு சொன்னியே?"

"கொஞ்சம்தானுங்க வருது."

நூறு பெண்களுக்கும் மா செல்வி அதைப் பர்மா பாஷையில் மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்தச் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. எனக்கோ அந்த ஆற்றிலேயே குதித்துவிடலாம் போலிருந்தது.

ஆனால் கப்பல் சிரிக்காதே. அறுபத்தெட்டு சட்டைகள் பாழ். பெண்கள் மழைத்தண்ணீர்த் தொட்டியில் அலசிக் கொடுக்க, நான் பியூஸைக் கட்டி, ஜெனரேட்டரையும் எப்படியோ ஓட வைத்தேன். அதன் ரேடியேட்டர் விசிறி அனல் காற்றாய் வீசுவதைப் பார்த்ததும் ஒரு யோசனை. குறுக்கே கயிறு கட்டி, சட்டைகளை அதன் முன்னால் தொங்கவிட்டேன். பப்படம் போல் காய்ந்தன. பொழுது சாயுமுன் இஸ்திரி போட்டு, பெட்டி கட்டி, துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டோம்.

காசிம் காக்கா என்னைக் கூப்பிட்டார். "உன்னைய நாளைக்கே பிளேன் ஏத்தி விட்றலாம்னுதான் நெனச்சேன். பிளேனுக்குள்ள எவனாவது ஏதாச்சும் சொல்லப்போயி, நீ பாதி வெளங்கிக்கிட்டு கதவைத் தொறந்துட்டா? பாவம், மத்த சனங்க." பிறகு மா செல்வி பக்கம் திரும்பினார். "இவனுக்கு ஒழுங்கா பாஷை சொல்லிக்குடு, செல்வி."

அவள் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வருடத்தில் கல்யாணமும் ஆயிற்று. பர்மா பாஷையில் இன்று சண்டையே போடுவேன், ஜெயித்ததில்லை.

ஆனால் அன்று சாயங்காலமே தையல்காரப் பெண்கள் எனக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது: மீ தத் சயா. தீயணைப்பு வாத்தியார் என்று பொருள். கம்பெனியிலிருந்து தெருவுக்கு வந்து, மாமனார் வீடு வரை பரவி, கடைசியில் என் பிள்ளைகளே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் சொந்தப் பெயரான பழனிச்சாமி என்று முகவரி எழுதி அம்மா திருப்பூரிலிருந்து போட்ட கடிதம், அப்படி ஒரு ஆள் இந்தத் தெருவில் இல்லை என்று ஒருமுறை திரும்பியே போய்விட்டது. வேறு வழியில்லாமல் செல்வியே அம்மாவுக்கு அந்தப் பெயரை எழுதி அனுப்பினாள், காரணத்தைச் சொல்லாமல்.

அம்மாவின் அடுத்த கடிதம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. முதல் வரி: "தம்பி, அங்கே உனக்கு ஏதோ பட்டம் குடுத்திருக்காங்களாமே. ஊரெல்லாம் சொல்லிட்டேன்."