மாலத்தீவுக்கு இரண்டு கேஸ்கெட்

ஆவடி,
14-5-1989

பெருமதிப்பிற்குரிய ராமகிருஷ்ணன் மாமா அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்புக்குக் காத்திருக்கும் நாகவல்லி வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் முழங்கால் வலி மட்டும் சுகமில்லாமல் இருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தீர விசாரிக்காமல் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மாமா, உங்கள் தங்கை, அதாவது என் வசந்தகுமாரி சித்தி, இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு மாலத்தீவு போகப் போகிறாளாம். ஆவடி நர்சரிப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு அதே இங்கிலீஷைத்தானே சொல்லிக்கொடுக்கிறாள், அதை ஏன் கடல் தாண்டிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அங்கே சம்பளம் நன்றாக இருக்கும் என்றாள். போன நவம்பரில் துப்பாக்கிச் சண்டை நடந்து, நம் ராணுவம் விமானத்தில் இறங்கியதே, அதே மாலத்தீவுதான். அவள் போக வேண்டிய தீவை என் பள்ளி அட்லசில் தேடினேன். அந்தப் பெயரே இல்லை. கடலில் இரண்டு புள்ளிகள் இருந்தன. அதில் ஒன்றை நகத்தால் சுரண்டியதும் கையோடு வந்துவிட்டது. ஈ வைத்துவிட்டுப் போன புள்ளி அது. இன்னொன்றைச் சுரண்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த வேலையைப் பற்றிச் சொல்கிறவர் கன்னியப்பன் என்பவர். பாரிவாக்கத்துக்காரர், அதே தீவில் வாத்தியாராக இருந்துவிட்டு லீவில் வந்திருக்கிறாராம். இன்று காலை நம் குவார்ட்டர்சுக்கு வந்தார். அம்மா கேசரி செய்திருந்தாள். வெளியாள் வருகிறார், கேசரி வாசனை வருகிறது என்றதும் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா ஒரு முழம் மல்லிகையோடு வந்து, சித்தியின் தலையில் வைத்துவிட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அவர்மேல் தப்பில்லை. கன்னியப்பன் கேட்ட கேள்விகள் அப்படி இருந்தன.

"சமைக்கத் தெரியுமா மேடம்? தெனம் மீனு துண்ணுவீங்களா? காய்கறி கண்ல பாக்க முடியாது."

"பொண்ணு எல்லாம் துண்ணும்பா" என்றார் பஞ்சவர்ணம் அக்கா.

"படகுல போனா வாந்தி வருமா?"

"இன்னாடி இது, பொண்ணு பாக்க வந்த ஊட்ல வாந்தியப் பத்திக் கேக்குறாரு" என்று அக்கா என் காதில் சொன்னார். அடுத்து கன்னியப்பன் பாடத் தெரியுமா என்று கேட்டதும்தான் அக்காவுக்கு நிம்மதி. சித்தி எழுந்து நின்று, கையைக் காலை ஆட்டி, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இங்கிலீஷ் பாட்டு ஒன்றைப் பாடினாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, ஜாதகம் எடுத்தாந்தியா?"

"அதெல்லாம் வோணாம்மா. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஆறு குடுங்க, போதும்."

"ஆறா? ஒர்த்தரு பாக்க ஆறு எதுக்கு நைனா?"

மாமா, அந்தக் கேள்வி எனக்கும் உண்டு.

நான் படித்த கதைகளில் ஏமாற்றுக்காரன் மாளிகை, கார், தங்கம் என்று ஆசை காட்டுவான், முன்பணம் கேட்பான். இவர் பணம் கேட்கவில்லை. கேசரியைக்கூட இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளவில்லை. கஷ்டத்தை மட்டுமே சொன்னார். "அங்க போயி எதையும் வாங்காதீங்க. தக்காளியே கப்பல்லதான் வரும், வெல கேட்டா தல சுத்தும். புளி, மொளகாத்தூளு, அப்பளம், குக்கரு எல்லாம் இங்கேர்ந்தே கட்டிக்கினு வந்துடுங்க. மூணு டீச்சருங்க சேந்து ஒரு ரூம் எடுத்துக்கினா வாடக தாங்கும்." இதற்கு மேலும் ஏதோ சொன்னார். அடுப்பில் அம்மாவின் குக்கர் வழக்கம்போல் பக்கவாட்டில் சீறிக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. இப்படி உண்மையைப் போலவே பேசுகிறவர் சாதாரண ஏமாற்றுக்காரராக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் இரண்டு தடயங்கள். போன ஞாயிறு சித்தி திருவேற்காடு கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது நெற்றியில் காலையில் வைத்த சாந்துப்பொட்டு மட்டும் இருந்தது. குங்குமம் இல்லை, கையில் பிரசாதமும் இல்லை. அம்மனைப் பார்த்துவிட்டு யாராவது அப்படி வருவார்களா? அடுத்தது, அவள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். (தப்புதான், ஆனால் அவசியம்.) அவள் வாங்கியிருப்பது ஒரு சின்னக் குக்கர். ஆனால் மூடியில் மாட்டும் ரப்பர் கேஸ்கெட் இரண்டு இருந்தன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. பெரியது அந்தக் குக்கரில் பொருந்தவே இல்லை. அப்படியானால் அந்தத் தீவில் எங்கேயோ ஒரு பெரிய குக்கர் சித்திக்காகக் காத்திருக்கிறது. டீச்சர் என்று அழைத்துப் போய் ஏதோ பெரிய குடும்பத்துக்குச் சோறு பொங்கப் போடப்போகிறார்கள் மாமா. சித்தி ஒன்றும் அறியாதவள். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள்.

"அண்ணா சரின்னா அனுப்புறேன், வேணாம்னா இந்தப் பேச்சே வேணாம்" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். ஆகவே உடனே 'வேண்டாம்' என்று தந்தி கொடுக்கவும். சித்தி போய்விட்டால் நூலகத்தில் என் கார்டு தீர்ந்த பிறகு அவள் கார்டில் புத்தகம் எடுத்துத்தர ஆளில்லை என்பதால் இதை எழுதவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் நல்லது என்று அம்மா சொல்கிறாள்.

தங்கள் ஆசியை வேண்டும்,
நாகவல்லி

பின்குறிப்பு: திங்கள் மாலை. மாமா, தந்தி கொடுக்க வேண்டாம். இன்று கன்னியப்பனின் மனைவி ராணி டீச்சர் வந்தார். அவரும் அதே தீவில்தான் வேலை பார்க்கிறாராம். "உங்க சித்தி பொங்கல்லேர்ந்து எங்க ஊட்டுக்கு நடையா நடக்குது. எங்க ஊட்டுக்காரரு வோணாம், கஷ்டம்னு எவ்ளோ பயமுறுத்திப் பாத்தாரு. நேத்துகூட அதுக்குத்தான் வந்தாரு. கேட்டாத்தானே" என்றார். திருவேற்காடு போகிறேன் என்றதெல்லாம் பாரிவாக்கம்தான். போட்டோ ஆறும் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்குமாம். ஆக, இந்த வழக்கில் எல்லோரையும் ஏமாற்றியவள் சித்தி ஒருத்திதான்.

பெரிய கேஸ்கெட்டை அவளே எடுத்து அம்மாவின் குக்கரில் மாட்டினாள். எப்படி மாட்டுவது, எப்போது மாற்றுவது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தாள். இனிமேல் அது என் வேலையாம். நூலகக் கார்டையும் என்னிடமே கொடுத்துவிட்டாள்.

இன்று குக்கர் சீறவில்லை, விசில் அடித்தது. சமையல் முடிந்த பிறகும் அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவே இல்லை. நீங்கள் 'சரி' என்று எழுதுங்கள் மாமா.