உபரி பைட்டுகள் ஒப்படைப்பு

தன் அலுவலகங்களுக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று அரசு கேட்பது அபூர்வம். திருமங்கலத்தை அடுத்த ஓர் அலுவலகத்தைக் கேட்டுவிட்டது. "தங்கள் நினைவகத்தின் கொள்ளளவை மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும்."

கண்காணிப்பாளர் முத்திருளன் கடிதத்தை நாலு தடவை வாசித்தார். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல். பதில் தப்பினால் 17 பி என்னும் ஒழுங்கு நடவடிக்கை மெமோ வரும், பட்டியலிலிருந்து பேர் போய்விடும். முப்பது வருஷ சர்வீஸில் அவருக்கு முழுசாகப் புரிந்தது விடுமுறை சுற்றறிக்கை ஒன்றுதான். அதை அவரே ஒத்துக்கொள்வார்.

"ஏம்மா, நம்ம ஊர்ல யாருக்கு நினைவகம் கட்டியிருக்கோம்?" என்று தட்டச்சர் கனகலட்சுமியைக் கேட்டார்.

"அது மெமரி சார். இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. எட்டு ஜிபி."

"பிரிச்சுச் சொல்லும்மா. மக்குக்குச் சொல்ற மாதிரி."

"அப்படித்தான் சார் சொல்லப்போறேன். எட்டு பிட் சேந்தா ஒரு பைட்."

"பிட்டா? பரீட்சையில வைக்கிறதா?"

"நீங்க வச்ச பிட் வேற சார். இது சும்மா ஒண்ணு, இல்லேன்னா பூஜ்யம். ஒரு எழுத்து அடிச்சா ஒரு பைட். தமிழ்ல அடிச்சா மூணு, ஆறுன்னு ஆகும். ஆயிரத்து இருபத்து நாலு பைட் ஒரு கிலோபைட். அதுல ஆயிரத்து இருபத்து நாலு ஒரு எம்பி. அதுல ஆயிரத்து இருபத்து நாலு ஒரு ஜிபி."

முத்திருளன் விரலை மடக்கி எண்ணினார். "கிலோன்னா ஆயிரம்தானே? மேல இருபத்து நாலு?"

"கொசுறுன்னு வச்சுக்கங்க சார்."

அந்தச் சொல்தான் வினை. அரசு ஊழியர் கொசுறு வாங்கலாமா? கூடாது. கனகலட்சுமியைக் கணக்குப் போடச் சொன்னார். மொத்தம் 858 கோடியே 99 லட்சத்து 34 ஆயிரத்து 592 பைட். அனுமதிக்கத்தக்கது 800 கோடி. மீதி 58 கோடியே 99 லட்சத்து 34 ஆயிரத்து 592 பைட் "உபரியாகக் கண்டறியப்பட்டு, அரசுக்கே பணிவுடன் ஒப்படைக்கப்படுகிறது" என்று எழுதினார்.

"எதுல வச்சு அனுப்புறது?"

"காலி இடத்தைத்தான சார் திருப்பிக் குடுக்குறீங்க? காலி பென்டிரைவ்ல அனுப்புங்க."

அனுப்பினார். பாராட்டு வந்தது. இத்தகைய நேர்மையை எல்லா அலுவலகங்களும் பின்பற்ற ஆணையும் வந்தது. உபரிகளைப் பெற்றுச் சரிபார்க்க மதுரையில் தனிப் பிரிவு திறந்தார்கள். பதவி உயர்வோடு முத்திருளனே அதற்கு அதிகாரி.

முதல் நாள் உதவியாளர் ஜனகராஜ் ஒரு கோப்பை நீட்டினார்.

"நீங்க வர்ற வரைக்கும் பொறுப்புல இருந்தவர், வந்த பென்டிரைவ் எல்லாத்தையும் எண்ணி முடிச்சிட்டாரு சார். ஒண்ணுல மட்டும் நூத்திரெண்டு பைட் குறையுதாம். அனுப்புனவருக்கு 17 பி குடுக்கணும். உங்க கையெழுத்து வேணும்."

"அனுப்புனது யாரு?"

"திருமங்கலத்துப் பக்கம் சார். பேரு உங்க பேருதான்."

பென்டிரைவ் காலி என்று சொன்னால், தான் அனுப்பியது பொய். காலியில்லை என்றால் நூற்றிரண்டு குறைவது மெய். முத்திருளன் கதவைச் சாத்தச் சொல்லி, பென்டிரைவைச் செருகி, திரையில் விரலை வைத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தார்.

வெளியே, புது அலுவலகம் என்று கேள்விப்பட்டு நாற்பது பேர் மனுக்களோடு நின்றார்கள்.

"சார் எண்ணிக்கிட்டு இருக்காரு" என்றார் ஜனகராஜ்.

"எம்புட்டுல எம்புட்டு எண்ணிருக்காரு?" என்று கேட்டார் அலங்காநல்லூரிலிருந்து வந்திருந்த சிவனாண்டி.

"அம்பத்தொன்பது கோடியில முந்நூறு."

"ஆரம்பிச்சுட்டாருல்ல, அது போதும்" என்று சொல்லித் துண்டை விரித்து உட்கார்ந்தார் சிவனாண்டி. வரிசையும் திருப்தியோடு உட்கார்ந்தது.